கோல்ட்ஃபிஷ்: ஹால்ல கண்ணாடி டேங்க்கா, வெளிய தொட்டியா? பெங்களூர்ல ரெண்டும் வெச்சுப் பாத்ததுல

முதல்லயே சொல்லிடுறேன், நான் தொட்டி பக்கம். ஒராண்டா, ரான்சு, ரியூகின்னு எந்த ஃபேன்ஸி கோல்ட்ஃபிஷ் வாங்குறதா இருந்தாலும் சரி, வீட்டுல ஒரு சிட்அவுட்டோ பின்பக்கம் கொஞ்சம் எடமோ இருந்தா கண்ணாடி டேங்க் வேணாம், வாயகன்ற பிளாஸ்டிக் தொட்டி வாங்குங்கன்னுதான் யார் கேட்டாலும் சொல்றேன். அல்சூர்ல மாடி வீட்ல இருந்தப்ப ஹால்ல மூணடி டேங்க், ராமமூர்த்தி நகர் வந்ததும் கீழ்வீடு கிடைச்சதால சிட்அவுட்ல தொட்டி, மீனுங்க மட்டும் அதே மீனுங்க. அதனால ஒப்பிட்டுச் சொல்ல முடியுது.

அழகுன்னு பாத்தா ராத்திரி லைட் போட்ட கண்ணாடி டேங்க்தான் அழகு, அதுல சந்தேகமே இல்ல. விலையில தொட்டி சல்லிசு, ஸ்டாண்டும் வேணாம் லைட்டும் வேணாம். சின்ன கண்ணாடி பௌல் பத்தி பேச்சே வேணாம், அதுல கோல்ட்ஃபிஷ் விடுறது அத மெல்லமா கொல்றதுதான், ஒழுங்கா வெச்சா பத்து பதினஞ்சு வருஷம் இருக்குற மீன் அது.

எனக்கு முடிவு பண்ணிக் குடுத்தது ஒரே விஷயம், தண்ணி மாத்துறது. இத வாங்கறதுக்கு முன்னாடி யாரும் யோசிக்கறதில்ல, கடைக்காரரும் சொல்றதில்ல. கோல்ட்ஃபிஷுக்கு நம்மள மாதிரி இரைப்பை கெடையாது, தின்னது நேரா குடலுக்குப் போயி சீக்கிரமே வெளிய வந்துடும், அதான் நாள் முழுக்க பசி பசின்னு வாய மேல நீட்டிக்கிட்டே இருக்கும், நாள் முழுக்க கழிவும் போட்டுக்கிட்டே இருக்கும். அதுபோக செவுள் வழியா அம்மோனியா வேற வெளிய வருது, அது மீனுக்கே விஷம். ஃபில்டர்ல வளர்ற பாக்டீரியா அத நைட்ரைட்டா மாத்தி அப்புறம் நைட்ரேட்டா மாத்துது, ஆனா அந்த பாக்டீரியா முழுசா செட்டாக நாலுலேர்ந்து ஆறு வாரம் ஆகும், இன்னைக்கு டேங்க் வாங்கி இன்னைக்கே நாலு மீன் விட்டா ஒரு வாரத்துல சாவறது இதனாலதான். செட்டான பின்னாடியும் நைட்ரேட் சேந்துக்கிட்டேதான் இருக்கும், அத வெளிய எடுக்க நம்ம கைதான் வேணும்.

இதுல பெங்களூர் தண்ணி வேற தனிக் கதை. நம்ம குழாயில ஒரு நாள் காவேரி, ஒரு நாள் போர், வெயில் காலத்துல டேங்கர். போர் தண்ணி பெரும்பாலும் உப்பு கனமா, பிஎச் (தண்ணி அமிலமா காரமான்னு காட்டுற அளவு) ஏறித்தான் இருக்கும். பிஎச் ஏழுலேர்ந்து எட்டுக்குப் போனா அதே அளவு அம்மோனியாவுல நச்சா மாறுற பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காயிடும், சூடு ஏறினா இன்னும் ஜாஸ்தி. அதனால அம்மோனியா கொஞ்சம் சேந்தாக்கூட இங்க மீன் தாங்காது. காவேரி தண்ணின்னா குளோரின் இருக்கும், அப்படியே ஊத்தக்கூடாது, கடையில விக்கிற ஆன்டி குளோரின் போட்டுட்டுதான் ஊத்தணும்.

இப்ப கணக்கு பாருங்க. மூணடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்னா டேங்க்ல சுமார் 190 லிட்டர். வாரம் நாப்பது சதவீதம் மாத்துனா 75 லிட்டர் வெளிய எடுக்கணும், 75 லிட்டர் உள்ள ஊத்தணும், அதாவது 15 லிட்டர் பக்கெட்ல அஞ்சு போக அஞ்சு வர, ஹால்லேர்ந்து பாத்ரூமுக்கு, தரையெல்லாம் சொட்டி, அப்புறம் துடைச்சு. அதுக்கப்புறம் கண்ணாடியில படியிற பாசிய வேற தேய்க்கணும். முதல் மாசம் ஆசையா செய்வோம், அப்புறம் ஒரு வாரம் தள்ளும், ரெண்டு வாரம் தள்ளும், மீனு செவுள வேகமா அடிச்சுக்கிட்டு மேல வந்து நிக்கும். எனக்குத் தெரிஞ்ச பல வீட்ல கோல்ட்ஃபிஷ் போனது நோயால இல்ல, இந்த பக்கெட் தூக்க முடியாமதான்.

தொட்டியில இதே வேலை எப்படின்னா, நம்ம தொட்டி நாலடிக்கு மூணடி, தண்ணி ஒரே அடி ஒசரம், 340 லிட்டர் கிட்ட வருது. ஞாயித்துக்கிழமை காலையில டிரான்ஸ்பரன்ட் டியூப்போட ஒரு முனைய அடியில விட்டு மறுமுனைய கருவேப்பில செடிகிட்ட போட்டுடுவேன், அடியில கெடக்குற கழிவு பழுப்பா டியூப்ல ஏறி ஓடறது கண்ணுக்குத் தெரியும், மீனுங்க வேற அந்த முனைய வந்து வந்து கடிச்சுப் பாக்கும். பாதி தண்ணி இறங்குனதும் ஆன்டி குளோரின் போட்டுட்டு குழாய் ஹோஸ தொட்டியில விட்டா முடிஞ்சுது, பக்கெட்டே கெடையாது. மீன் தண்ணி குடிச்ச கருவேப்பில எப்படி தழையுதுன்னு பக்கத்து வீட்டு ஆண்ட்டிதான் முதல்ல கேட்டாங்க.

2024 மார்ச்ல போர் எல்லாம் வத்தி பெங்களூரே தண்ணிக்கு அல்லாடுச்சே, தோட்டத்துக்கோ கார் கழுவவோ குடிதண்ணி விட்டா 5,000 ரூபா ஃபைன்னு வாட்டர் போர்டு சொன்ன அந்த சமயத்துல எங்க வீட்ல செடிக்குன்னு தனியா ஒரு சொட்டு விடல, மீன் குடுத்த தண்ணியே போதுமா இருந்துச்சு. அப்ப தண்ணி மாத்துற அளவக் கொறைச்சோம், தீனியையும் கொறைச்சோம், 340 லிட்டர்ங்கிறதால தாங்குச்சு. ஒன்னு மட்டும் கவனம், வெயில்ல வத்துன அளவுக்கு ஊத்திக்கிட்டே இருந்தா தண்ணி மாத்துன மாதிரி ஆகாது. தண்ணிதான் ஆவியாப் போவும், உப்பு உள்ளயே சேரும்.

இன்னொன்னு காத்து. டேங்க்ல மேல்பரப்பு நாலரை சதுர அடி, தொட்டியில பன்னெண்டு. ஆக்ஸிஜன் உள்ள போறது மேல்பரப்பு வழியாத்தான், கரண்ட் போயி ஏர் பம்ப் நின்னாலும் தொட்டியில ரொம்ப நேரம் பயமில்லாம இருக்கலாம். சூடும் இங்க பெரிய பிரச்சனை இல்ல, கடல் மட்டத்துலேர்ந்து 900 மீட்டருக்கு மேல இருக்குற ஊரு, ஏப்ரல்ல மட்டும் பச்சை ஷேட் நெட் கட்டிடுவேன். சென்னையில இருக்குற எங்க அத்தை பையன் இதக் கேட்டுட்டு மொட்டமாடியில வைக்கவான்னான், வேணாம்டா தம்பி, அந்த வெயில்ல குழம்பாயிடும்னு சொன்னேன். ஃபேன்ஸிக்கு 18லேர்ந்து 24 டிகிரிதான் சுகம்.

அப்புறம் கலர். காலை வெயில் பட்டு தண்ணி லேசா பச்சை தட்டுனா ஒராண்டாவோட சிவப்பு எப்படி ஏறுது தெரியுமா, ஹால்ல வெளிறிப் போயிருந்த அதே மீனா இதுன்னு இருந்துச்சு. ரான்சுவ ஜப்பான்காரங்க மேலேர்ந்து பாக்கறதுக்குன்னே வளத்தெடுத்தாங்க, முதுகுல துடுப்பே இல்லாம அகலமா, வாலு விசிறியா விரிஞ்சு போறத மேலேர்ந்து பாத்தாத்தான் அதோட லட்சணம் புரியும். சென்னை கொளத்தூர்லேர்ந்து வந்த சின்னக் குட்டியா ரெண்டு வாங்குனேன், இப்ப உள்ளங்கை அகலம், காலையில வெளிய வந்தாலே தொட்டியில இருக்குற நாலு மீனும் என் பக்கமா திரும்பி தலைமேல கொண்டையோட வரிசையா நிக்கும். அந்த சந்தோஷத்துக்குத்தான் இவ்ளோவும்.

தொட்டியில கஷ்டம் இல்லாம இல்ல. காக்கா, பூனை ரெண்டுக்கும் வலை கட்டியே ஆகணும். மழை காலத்துல ரொம்பி வழிஞ்சு மீன் வெளிய வந்துடும், அதுக்கு ஓரத்துல ஓட்டை போட்டு வலை ஒட்டணும். எனக்கு பெரிய கொறையாத் தெரியறது, வயித்துப் பக்கம் கண்ணுக்குத் தெரியாது, அடிவயித்துல செவப்பு, செதில் தூக்கல் எல்லாம் டேங்க்ல உடனே பாத்துடலாம், தொட்டியில லேட்டாத்தான் தெரியும். பிளாக் மூர், பபிள் ஐ மாதிரி கண்ணு துருத்துன மீனுங்கள நான் தொட்டியில வெச்சதில்ல, அதப் பத்தி வெச்சவங்ககிட்ட கேளுங்க. கூட காமெட், ஷுபுன்கின் மாதிரி ஒல்லி கோல்ட்ஃபிஷ மட்டும் விட்றாதீங்க, அது வேகத்துக்கு குண்டு மீனுங்களுக்கு ஒரு பருக்க கிடைக்காது. தீனியும் மிதக்குறது வேணாம், முங்குறதா பாத்து வாங்குங்க, காத்த முழுங்கி தலைகீழா மிதக்குற தொல்லை கொறையும்.

மாடி வீடு, வெளிய எடமே இல்ல, இல்ல ரியூகின் மாதிரி பக்கவாட்டு அழகுதான் வேணும்னா டேங்க்கே வாங்குங்க, தப்பில்ல. ஆனா பாத்ரூம் குழாய்லேர்ந்து ஹோஸ் எட்டுற எடமா பாத்து வைங்க, ஹவுஸ் ஓனர்கிட்ட வெயிட் எவ்ளோன்னு முன்னாடியே சொல்லிடுங்க, தண்ணி மட்டுமே 190 கிலோ. பால்கனியில தொட்டி வைக்கறவங்களும் ஒரு அடிக்கு மேல தண்ணி ஏத்தாதீங்க, தாங்குமான்னு கேட்டுட்டு வைங்க. எங்க வீட்டு பழைய டேங்க்கும் இன்னும் இருக்கு, புதுசா வர்ற மீன மூணு நாலு வாரம் அதுல தனியா வெச்சு, வயிறு, செதில், செவுள் எல்லாம் பாத்துட்டுத்தான் தொட்டியில விடறேன்.