"சவுண்ட் சிப் போயிடுச்சு" என்றால் உடனே நம்பிவிடாதீர்கள்: பழைய பிசியில் கேம் ஆடுபவர்களுக்கு எச்சரிக்கை

கேம் சவுண்ட் சரியில்லை என்று ஒரு சர்வீஸ் கடையில் கொடுத்த எங்கள் பழைய பிசிக்கு, மதர்போர்டில் இருக்கும் சவுண்ட் சிப் எரிந்துவிட்டது என்று காரணம் சொல்லி, ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டைத் தலையில் கட்டி, விண்டோஸையும் அழித்துத் திரும்பப் போட்டு இரண்டுக்கும் பணம் வாங்கிவிட்டார்கள். சிப்புக்கு எதுவுமே ஆகவில்லை. கடை எது என்பது முக்கியமில்லை. இதே வேலையை யார் வேண்டுமானாலும் யாரிடமும் செய்ய முடியும் என்பதால், அது எப்படி நடக்கிறது என்பதை விவரமாக எழுதுகிறோம்.

பிசி விண்டோஸ் 7-இல் ஓடுகிறது. மதர்போர்டிலேயே ரியல்டெக் ஏஎல்சி888 சிப். பின்னால் பச்சை ஜாக்கில் சாதாரண இரண்டு ஸ்பீக்கர்கள். கோளாறு இரண்டு. ஒன்று, கேமில் துப்பாக்கிச் சத்தமும் மியூசிக்கும் நன்றாகக் கேட்கின்றன, பாத்திரங்கள் பேசுவது மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கிறது. இன்னொன்று, அவ்வப்போது 'பட் பட்' என்று வெடிப்பு.

திரும்பி வந்தபோது பேச்சு தெளிவாகக் கேட்டது. வெடிப்பு அப்படியே இருந்தது. "அது கேமோட பிரச்சினை" என்றார்கள். பழைய சிப் பற்றிக் கேட்டதற்கு, "டிவைஸ் மேனேஜர்ல பாருங்க சார், பேரே வரல, அதான் செத்துப்போச்சே" என்று பதில். பேர் வரவில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம், பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரை) ஆன்போர்டு ஆடியோ, அதாவது மதர்போர்டின் சவுண்ட் சிப், டிஸேபிள் செய்யப்பட்டிருந்தது. வேறு சவுண்ட் கார்டு போடும்போது ஆன்போர்டை அணைத்து வைப்பது வழக்கமான வேலை, அதில் தவறில்லை. அணைத்ததைச் சொல்லாமல், அதையே சிப் செத்ததற்குச் சாட்சியாகக் காட்டுவதுதான் மோசடி.

பேச்சு ஏன் அமுங்கியது என்பதை முதலில் பார்ப்போம், ஏனென்றால் ஏமாற்று முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது. விண்டோஸில் ஸ்பீக்கர் அமைப்பு 5.1 (ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) என்று இருந்தால், கேம் அதை நம்பி ஆறு சேனலாகச் சத்தத்தைப் பிரித்து அனுப்பும். பேச்சு பெரும்பாலும் சென்டர் சேனலுக்குப் போகும். அந்த சேனல் வெளியே வருவது ஆரஞ்சு ஜாக் வழியாக. அங்கே எதுவும் செருகவில்லையென்றால் பேச்சு போய்ச்சேர இடமே இல்லை. பச்சை ஜாக்கில் முன் இடது, முன் வலது மட்டும் வரும். ஸ்பீக்கர் செருகும்போது எழும்பும் ரியல்டெக் பெட்டியில் யாராவது தவறாக ஒரு கிளிக் செய்திருந்தால் போதும், அமைப்பு மாறிவிடும்.

இப்போது யூஎஸ்பி கார்டைச் செருகுகிறார்கள். அது இரண்டே சேனல் உள்ள சாதனம். கேம் ஸ்டீரியோ என்று கண்டுகொண்டு பேச்சையும் இரண்டு ஸ்பீக்கரிலேயே கலந்து அனுப்புகிறது. கோளாறு தீர்ந்ததுபோல் தெரிகிறது, சிப் போனது என்ற கதையும் நிரூபணமானதுபோல் ஆகிவிடுகிறது. செய்திருக்க வேண்டியது இவ்வளவுதான்: கன்ட்ரோல் பேனலில் சவுண்ட், பிளேபேக் டேப், ஸ்பீக்கர்ஸைத் தேர்ந்தெடுத்து கான்ஃபிகர், அதில் ஸ்டீரியோ. ரியல்டெக் மேனேஜரில் (சிப்பின் சொந்த சாஃப்ட்வேர்) தனியாக ஓர் அமைப்பு இருக்கும், அங்கேயும் ஸ்டீரியோ என்று இருக்கிறதா பாருங்கள். கேமின் ஆடியோ மெனுவில் 5.1 தேர்வாகியிருந்தால் அதையும் மாற்றுங்கள். பல கேம்கள் தொடங்கும்போது மட்டுமே இந்த அமைப்பைப் படிக்கும், ஆகவே கேமை மூடித் திறந்தால்தான் மாற்றம் தெரியும்.

அந்த யூஎஸ்பி கார்டின் பெட்டியில் '7.1' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. துளைகளை எண்ணிப் பாருங்கள். ஒரு 3.5 மிமீ ஸ்பீக்கர் ஜாக் ஸ்டீரியோ, அதாவது இரண்டு சேனல்தான் கொண்டு போகும். எட்டு சேனலுக்கு நான்கு ஜாக் வேண்டும், 5.1-க்கு மூன்று. ஹெட்ஃபோனுக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என்று இரண்டே துளையுள்ள குச்சி எந்தக் காலத்திலும் நிஜமான 7.1 ஆகாது. சாஃப்ட்வேர் வைத்துச் சுற்றொலிபோல் ஒரு பாவனை காட்டும், அவ்வளவே. உள்ளே இருப்பது பெரும்பாலும் சீமீடியா சிஎம்108 போன்ற ஸ்டீரியோ சிப். செத்துப்போனதாகச் சொன்ன ரியல்டெக் ஏஎல்சி888 உண்மையிலேயே எட்டு சேனல் சிப் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

சிப் உண்மையில் செத்ததா என்று சோதிக்க யாரையும் நம்ப வேண்டியதில்லை. பிசி கிளம்பும்போது டெலீட் அல்லது எஃப்2 அழுத்தி பயாஸுக்குப் போங்கள். இன்டகிரேட்டட் பெரிஃபெரல்ஸ் அல்லது ஆன்போர்டு டிவைஸ் என்ற பக்கத்தில் ஹெச்டி ஆடியோ அல்லது அசேலியா என்று ஒரு வரி இருக்கும். அது எனேபிள்டு ஆக இருக்க வேண்டும். பிறகு உபுண்டு போன்ற லினக்ஸை ஒரு பென்டிரைவில் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' முறையில் பூட் செய்து, பின்பக்கப் பச்சை ஜாக்கில் ஹெட்ஃபோனைச் செருகி சவுண்ட் டெஸ்ட் ஓட்டுங்கள். சத்தம் வந்தால் சிப் உயிரோடு இருக்கிறது, கோளாறு விண்டோஸிலோ டிரைவரிலோ (சாதனத்தை இயக்கும் சாஃப்ட்வேர்) கேமிலோதான். பயாஸில் எனேபிள் ஆகியும் லினக்ஸில் சாதனமே தெரியவில்லை, அல்லது தெரிந்தும் பின்பக்கத்தில் சத்தம் துளியும் இல்லை என்றால் மட்டுமே சிப் மேல் சந்தேகப்படலாம். முன்பக்க ஜாக்கில் மட்டும் சத்தம் இல்லையென்றால் அது கேபினெட் ஒயர் சமாச்சாரம். பழைய கேபினெட்டின் ஏசி97 (ஹெச்டி ஆடியோவுக்கு முந்தைய முறை) பிளக்கை ஹெச்டி ஆடியோ பின்னில் செருகியிருந்தால், செருகியது போர்டுக்குத் தெரியாது. ரியல்டெக் மேனேஜரில் முன்பக்க ஜாக் கண்டறிதலை அணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்து வெடிப்பு. சவுண்டுக்கான தரவைச் சில மில்லிசெகண்டுக்கு ஒருமுறை சிபியூ நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். வேறு ஏதாவது டிரைவர் சிபியூவை அந்த நேரத்தில் பிடித்து வைத்துக்கொண்டால் பஃபர் (அந்தத் தரவு காத்திருக்கும் இடம்) காலியாகும், அதுதான் 'பட்'. சவுண்ட் கார்டு யூஎஸ்பியில் இருந்தாலும் அதே சிபியூதான் நிரப்ப வேண்டும், அதனால்தான் புதுக் கார்டு போட்டும் வெடிப்பு போகவில்லை. லேட்டன்சிமான் என்ற இலவச டூலை ஓட விட்டுப் பத்து நிமிடம் கேம் ஆடினால் எந்த டிரைவர் என்று பெயரோடு காட்டும். இந்த பிசியில் மேலே வந்து நின்றது என்டிஐஎஸ், அதாவது நெட்வொர்க். டிவைஸ் மேனேஜரில் வைஃபை கார்டை டிஸேபிள் செய்ததும் வெடிப்பு நின்றது. வைஃபை டிரைவரைப் புதிதாகப் போட்டதும் வைஃபையோடும் சுத்தமாகக் கேட்கிறது. என்விடியா டிரைவர் பெயர் வந்தால் கிராஃபிக்ஸ் டிரைவரை மாற்றிப் பாருங்கள். பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வைப்பதும், பிளேபேக் சாதனத்தின் அட்வான்ஸ்டு டேபில் 192000 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் 16 பிட் 44100-க்கு இறக்குவதும் பழைய கேம்களுக்கு உதவும்.

எக்ஸ்பி ஓடும் பிசியாக இருந்தால் முதலில் ஹார்ட் டிஸ்க்கைப் பாருங்கள். ஐடிஇ டிஸ்க்கில் (பட்டைக் கேபிளில் இணையும் பழைய வகை) மொத்தம் ஆறு பிழை சேர்ந்தால் எக்ஸ்பி வேகத்தை ஒரு படி குறைக்கும், இப்படியே இறங்கி பிஐஓ மோடுக்கு, அதாவது சிபியூவே தரவை நகர்த்த வேண்டிய மெதுவான முறைக்கு, வந்துவிடும். அதன் பிறகு டிஸ்க்கைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் சிபியூ திணறும், சத்தம் திக்கும். டிவைஸ் மேனேஜரில் பிரைமரி ஐடிஇ சேனல், அட்வான்ஸ்டு செட்டிங்ஸ், அங்கே கரன்ட் டிரான்ஸ்ஃபர் மோடில் அல்ட்ரா டிஎம்ஏ (சிபியூவைத் தொந்தரவு செய்யாத வேகமான முறை) என்று இருக்க வேண்டும். பிஐஓ என்று இருந்தால் அந்தச் சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீபூட் செய்யுங்கள், எக்ஸ்பி தானே மறுபடி டிஎம்ஏ-வுக்குப் போகும். சில நாளில் திரும்ப பிஐஓ ஆனால் 80 கம்பி ஐடிஇ கேபிளை மாற்றுங்கள், அதற்கும் அடங்கவில்லை என்றால் டிஸ்க் போகப்போகிறது, கோப்புகளைக் காப்பி எடுத்துவிடுங்கள்.

எஃபெக்ட் வருகிறது, மியூசிக் மட்டும் இல்லை என்பது 1990-களின் சிடி கேம்களுக்கு உரியது. மியூசிக் சிடியில் ஆடியோ டிராக்காகவே இருக்கும். சிடி டிரைவிலிருந்து சவுண்ட் கார்டுக்குப் போகும் மெல்லிய நான்கு பின் ஆடியோ கேபிள் இல்லையென்றால் பழைய பிசிகளில் பெரும்பாலும் அது கேட்காது. சிடியை நகலெடுத்து ஆடுவதானால், ஐஎஸ்ஓ கோப்பில் ஆடியோ டிராக் வராது, பின்-க்யூ (.bin, .cue) இமேஜ்தான் எடுக்க வேண்டும். இதற்கும் புது சவுண்ட் கார்டு விற்கத் துணிவார்கள்.

விண்டோஸை மாற்றிப் போடலாம் என்று கடைக்காரர் சொன்னால் இரண்டு விஷயம் மனதில் இருக்கட்டும். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து டைரக்ட்சவுண்டுக்கு (பழைய கேம்கள் சத்தம் எழுப்பப் பயன்படுத்தும் விண்டோஸ் பாகம்) நேரடி ஹார்டுவேர் அணுகல் நீக்கப்பட்டுவிட்டது. எக்ஸ்பியில் சவுண்ட் பிளாஸ்டர் கார்டோடு இஏஎக்ஸ் (எதிரொலி போன்ற சூழல் ஒலி) எஃபெக்டில் ஆடிய கேம், புது விண்டோஸில் வெறும் ஸ்டீரியோவாகச் சுருங்கும். கிரியேட்டிவ் அல்கெமி அல்லது டிஎஸ்ஓஏஎல் என்ற சாஃப்ட்வேரைப் போட்டால்தான் திரும்பக் கிடைக்கும். ஆகவே பழைய ஆடிஜி (சவுண்ட் பிளாஸ்டர் வகை) கார்டை 'வேஸ்ட்' என்று எடுத்துக்கொள்ள விடாதீர்கள். இரண்டாவது, கேம் சேவ்கள் டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ், சேவ்டு கேம்ஸ், ஆப்டேட்டா என்று சிதறிக் கிடக்கும். கேட்காமல் சி டிரைவை ஃபார்மேட் அடித்ததில் எங்கள் சேவ்கள் மொத்தமும் போயின. யூஎஸ்பி கார்டைத் திருப்பி எடுக்கவும் மறுத்துவிட்டார்கள்.

பிசியைக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஃபார்மேட் செய்யக் கூடாது, கழற்றும் பாகம் திரும்ப வேண்டும் என்ற இரண்டையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். சிப் போனது என்றால் பயாஸ் திரையைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். டிஸேபிள்டு என்று இருப்பது அதிலேயே தெரிந்துவிடும். பயாஸில் செய்த மாற்றங்கள் பிளக்கைக் கழற்றி மாட்டியதும் பழையபடி ஆகி, கூடவே கடிகாரமும் பின்னுக்குப் போனால், போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியை மாற்றினால் போதும்.