பனிமலையில் கழன்ற திருகாணி: பசையா, கம்பி நாரா, பட்டையா?

மலைமேல் ஸ்கீ பைண்டிங்கின், அதாவது பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பிடிப்பின், திருகாணி கழன்றால் என்ன செய்வது? கோலாலம்பூரில் பனிச்சறுக்குப் பைத்தியம் பிடித்த எங்கள் சிறு கூட்டத்தில் இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் உண்டு. கிள்ளான் நண்பர், இரண்டு குழாய்ப் பசையைக் கலந்து ஒட்டும் எபாக்சி கட்சி. பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணன் ஒருவர், கட்டும் பட்டை கட்சி. எதையும் ஒட்டாதே, கட்டு, நட என்பார். நான் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார் கட்சி. இந்த அலசலை நடுநிலையோடு எழுதுவதாக நடிக்கப்போவதில்லை.

லிஃப்ட் ஓடும் சரிவென்றால் இந்த விவாதமே வேண்டாம்; கீழே இறங்கிக் கடையில் கொடுத்துவிடலாம். நான் பேசுவது சொந்தக் காலில் ஏறிப் போகும் மலை பற்றி. சப்போரோவுக்கு இங்கிருந்து நேரடி விமானம் இருப்பதால் எங்களுக்கு அது பெரும்பாலும் ஜப்பானின் ஹொக்கைடோதான். அங்கே பனிச்சறுக்கு ஊரான நிசெகோவுக்கு எதிரே நிற்கும் யோதெய் மலை 1,898 மீட்டர். அதன் பாதி உயரத்தில் பைண்டிங் ஆட்டம் கண்டால், தொடைவரை புதையும் தூள்பனியில் நடந்து இறங்குவது வேடிக்கையான வேலை அல்ல.

எந்தத் திருகாணி கழன்றது என்பதை முதலில் பார்க்க வேண்டும். மலையேறிப் போவதற்கென்றே உள்ள, ஊசிமுனையில் பூட்ஸைப் பிடிக்கும் டூரிங் பைண்டிங்கில் குதிகால் பகுதி போனாலும், முன்பகுதியை மட்டும் நம்பி மெல்ல இறங்கிவிடலாம். முன்பகுதியே பெயர்ந்தால் பூட்ஸைப் பிடிக்க வேறு எதுவும் கிடையாது. ஆகவே குதிகாலில் ஒரு திருகாணி என்றால் நிதானமாக யோசியுங்கள். முன்பகுதியில் ஒன்று என்றால் அங்கேயே நின்று சரிசெய்யுங்கள். ஒன்று தளர்ந்ததும் அதன் சுமை மற்றவற்றின் மேல் ஏறும். அவையும் ஒவ்வொன்றாகப் பின்தொடரும்.

மரை இன்னும் பிடிக்கிறது என்றால் திருகி இறுக்குவதே போதும். ஆனால் சரியான திருப்புளி வேண்டும். பெரும்பாலான ஸ்கீ திருகாணிகளின் தலை போசிட்ரைவ் 3 ஆம் எண். கூட்டல் குறிக்கு நடுவே நான்கு மெல்லிய கீறல்கள் இருப்பதை வைத்து அடையாளம் காணலாம். சில டூரிங் பைண்டிங்குகளில் ஆறுமுனை டார்க்ஸ் தலை இருக்கும். செந்தூல் ஹார்டுவேர் கடையில் போய், “அண்ணே, கூட்டல் திருப்புளி ஒன்று” என்று கேட்டால் பிலிப்ஸ்தான் கைக்கு வரும். அது போசிட்ரைவ் தலைக்குள் உட்கார்ந்ததுபோலத் தோன்றும். அழுத்தித் திருகும்போது வழுக்கித் தலையைத் தின்றுவிடும். தலை போன பிறகு வேறு எந்த வைத்தியமும் பலிக்காது. கிளம்புமுன் உங்கள் பைண்டிங்கில் உள்ள தலைக்குப் பொருந்தும் முனையை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதைத் திருக ஒரு பிடியும் வேண்டும். கையால் முனையை மட்டும் பிடித்துத் திருக முயல்பவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

திருகத் திருகச் சுற்றிக்கொண்டே இருக்கிறது, இறுகவில்லை என்றால் ஸ்கீயின் உள்மரத்தில் இருந்த மரை அறுந்துவிட்டது என்று பொருள். உண்மையான போட்டி இங்கேதான் தொடங்குகிறது.

எபாக்சி கட்சியின் வாதம் கேட்பதற்கு நன்றாகவே இருக்கும். இரண்டு குழாய், ஒரு குச்சி, கலந்து துளையில் விட்டுத் திருகினால் கல்லாகிவிடும். கோலாலம்பூரில் 32 டிகிரியில் அது உண்மைதான். ஐந்து நிமிட எபாக்சி இங்கே அதற்கும் முன்பே இறுகும். ஆனால் இறுகுவது ஒரு வேதிவினை, அதற்கு வெப்பம் வேண்டும். 10 டிகிரிக்குக் கீழே அது சோம்பும், உறைநிலைக்குக் கீழே கிட்டத்தட்ட நின்றேபோகும். ஜனவரி யோதெயில் குழாயிலிருந்து பிதுக்குவதே பெரும்பாடு. பிதுக்கிய பிறகு இரண்டு பசையும் குளிர்ந்த தேன்போல் கலக்க மறுக்கும். கலந்து ஊற்றினாலும், இறுகாத பசை திருகாணிக்கு எண்ணெய் போட்டதாகவே முடியும். கடைகளில் பைண்டிங் பொருத்தும்போது பயன்படுத்தும் வெள்ளை மரப்பசைக்கும் அதே கதி. அது நீர் கலந்தது, பையிலேயே உறைந்துவிடும். உடனடிப் பசை ஒட்டினாலும் குளிரில் நொறுங்கும் தன்மை கொண்டது. கால் தரும் முறுக்கு விசையை அது தாங்காது.

பசைகளை மட்டம் தட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இரவு தங்கும் அறைக்கு வந்து, ஹீட்டர் பக்கத்தில் ஸ்கீயைக் கிடத்தி, துளை நன்றாகக் காய்ந்த பிறகு மெதுவாக இறுகும் வகை எபாக்சியை இட்டால் அதற்கு ஈடு இல்லை. விடியும்வரை தொடாமல் இருக்கும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான். பின்னால் கழற்ற வேண்டி வந்தால் பற்றவைப்புக் கோலால் திருகாணித் தலையைச் சூடாக்கினால் பசை இளகிவிடும்.

கம்பி நாருக்கு வெப்பமும் வேண்டாம், காத்திருப்பும் வேண்டாம். அது உராய்வால் மட்டுமே பிடிக்கிறது. சோப்பு கலக்காத நாரை வாங்க வேண்டும். முதலில் துளையைப் பாருங்கள். உள்ளே பனித்துகள் இருந்தால் குச்சியால் கிண்டி எடுத்து, டிஷ்யூவை முறுக்கி உள்ளே விட்டுத் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், மூச்சின் ஈரம் உள்ளே போய் உறையும். நாரிலிருந்து நான்கைந்து இழை பிரித்து, துளையின் வாயில் குறுக்காக வைத்துத் திருகாணியின் நுனியால் உள்ளே தள்ளுங்கள். திருகுவதற்கு முன் திருப்புளியை இடப்பக்கம் மெல்லச் சுற்றுங்கள். ஒரு கட்டத்தில் திருகாணி மயிரிழை அளவு கீழே இறங்குவது விரல்களுக்குத் தெரியும். பழைய மரையின் வாய் அதுதான். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் எஃகு இழைகள் மரைக்கும் மரத்துக்கும் நடுவே நெரிபட்டுக் கடிக்கத் தொடங்கும். இறுக்கம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னும் அரைச் சுற்று என்ற ஆசையில்தான் மீதி மரமும் அறுகிறது. (கம்பி நாரை ஒன்பது வோல்ட் பேட்டரியோடு ஒரே பையில் போடாதீர்கள். முனைகளில் உரசினால் தீப்பிடிக்கும்.)

துளை மிகவும் அகன்று, திருகாணி தானாகவே உள்ளே விழுகிறது என்றால் நார் மட்டும் போதாது. அப்போது மரக்குச்சி வேண்டும். பல் குச்சியும் தீக்குச்சியும் போதும்தான். ஆனால் நம் ஊர் சாத்தே குச்சி இதற்கென்றே செய்ததுபோல் இருக்கிறது. மூங்கில் நாரோட்டமாகப் பிளக்கும். கத்தியால் இரண்டாக, நான்காகக் கீறி, துளையின் ஆழத்துக்கு, அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டருக்கு வெட்டிச் சுவரோரமாக நிறுத்தி, மேலே இரண்டு இழை நார் வைத்துத் திருக வேண்டும். சுத்தியால் அடிப்பதுபோல் திணித்தால் ஸ்கீயின் மேல்தோல் துளையைச் சுற்றிப் புடைத்துக்கொள்ளும், பைண்டிங் சமமாக உட்காராது. எடை குறைந்த டூரிங் ஸ்கீகளில் பல பவுலோனியா மரத்தால் ஆனவை. மென்மையான மரம், மரையைப் பிடித்துவைக்கும் வலு குறைவு. அங்கே மூங்கில் சுவர்போல் நின்று உதவுகிறது.

நீளமான திருகாணி போட்டால் ஆழத்தில் புது மரம் கிடைக்குமே என்று ஒரு யோசனை உலவுகிறது. இதை மட்டும் செய்யாதீர்கள். ஸ்கீயின் தடிமனே கொஞ்சம். நுனி அடித்தளத்தைப் புடைக்க வைக்கும், அல்லது துளைத்தே வெளிவரும். வேறு இடத்திலிருந்து ஒரு திருகாணியைக் கழற்றி மாற்றுவது நல்ல தந்திரம், நீளம் ஒத்துப்போனால் மட்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் அண்ணனின் பட்டைக்கு வருவோம். பாலியூரித்தேன் பட்டை குளிரிலும் வளையும். பிளாஸ்டிக் கேபிள் டையோ கடுங்குளிரில் பட்டென்று ஒடியும். ஆகவே பட்டை என்றால் ஸ்கீ பட்டையே. பைண்டிங் முழுவதும் பெயர்ந்துவிட்ட நிலையில் பூட்ஸையும் ஸ்கீயையும் சேர்த்துக் கட்டிச் சமதளத்தைக் கடக்க இதைவிட வழியில்லை. ஆனால் கட்டிய காலோடு சரிவில் இறங்குவதை நான் ஏற்கமாட்டேன். விழுந்தால் ஸ்கீ காலை விட்டுப் பிரியாது, முழங்கால் முறுக்கிக்கொள்ளும். பனிச்சரிவில் சிக்கினால் நிலைமை இன்னும் மோசம், ஸ்கீ நங்கூரம்போல் உள்ளே இழுக்கும். அண்ணனோடு எனக்குள்ள கருத்து வேறுபாடு இந்த ஓர் இடத்தில்தான். பட்டை என் பையிலும் எப்போதும் இருக்கிறது, நார் தோற்றால் நடந்து வருவதற்காக.

அறுந்த துளைக்குள் புது மரையாகப் பதிக்கும் எஃகுச் சுருளும் மரை போட்ட உலோகச் செருகலும் இந்தப் போட்டியிலேயே இல்லை. துளையிடும் கருவி, மரை வெட்டும் உளி, மெதுவாக இறுகும் எபாக்சி எல்லாம் வேண்டும். அது வீட்டு வேலை. ஒரே துளை இரண்டாம் முறை அறுந்தால் நாரை மறந்துவிட்டு இதைச் செய்துகொள்ளுங்கள். நம் ஊருக்கு இன்னொரு காரணமும் உண்டு. பனியிலிருந்து வந்த ஸ்கீயை ஈரப் பையோடு அடுக்குமாடி ஸ்டோரில் மாதக்கணக்கில் நிறுத்திவைத்தால், திருகாணித் துளை வழியே ஈரம் இறங்கி உள்மரத்தை உளுக்கச் செய்யும். கம்பி நாரும் அதே ஈரத்தில் துருப்பிடிக்கும். எனவே மலையில் நார் வைத்துத் திருகியதை ஊர் வந்ததும் கழற்றி, துளையைக் காயவைத்து, எபாக்சியோடு மறுபடி பொருத்த வேண்டும்.

பயணப் பெட்டியைப் பொறுத்தவரை, திருப்புளியும் கத்தியும் கைப்பையில் வேண்டாம், பதிவுசெய்யும் பெட்டிக்குள் போகட்டும். எபாக்சியின் கடினப்படுத்திகளில் பல, விமானச் சரக்கு விதிப்படி ஆபத்துப் பொருள்கள். குழாயை இங்கிருந்து சுமக்காமல் ஜப்பானில் இறங்கியபின் வீட்டு உபகரணக் கடையில் வாங்கிக்கொள்வது தொல்லையில்லாத வழி. நாருக்கும் சாத்தே குச்சிக்கும் அந்தக் கவலை இல்லை. ஒரு சிறு ஜிப் பையில் இரண்டும், உங்கள் பைண்டிங்குக்கு உரிய நீளத்தில் உபரித் திருகாணிகள் சிலவும் அடங்கிவிடும்.