நாலு பிளக்கில் ஒன்று போனால்: ஒன்றை மட்டும் மாற்றுவதா, செட்டையே மாற்றுவதா?

மண் அள்ளும் லோடர் காலையில் செல்ஃப் நன்றாகத்தான் எடுக்கிறது, ஆனால் இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. ஒருவழியாகப் பிடித்தாலும் ஒரு நிமிடம் வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு தடதடவென்று ஆடிவிட்டு, அப்புறம் ஒன்றுமே நடக்காதது போல் சீராக ஓடுகிறது. மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் மூன்று குளோ பிளக் (குளிரில் டீசல் இன்ஜின் பிடிக்க உள்ளே சூடேற்றுவது, ஹீட்டர் பிளக் என்றும் பலர் சொல்வார்கள்) 1 ஓம் பக்கம் காட்டுகிறது, நாலாவதில் தொடர்பே இல்லை. சரி, இப்போது அந்த ஒன்றை மட்டும் மாற்றுவதா, நாலையும் மாற்றிவிடுவதா? ஆளுக்கொரு பதில் வைத்திருக்கிறார்கள். நான் இரண்டு விதமாகவும் செய்திருக்கிறேன், இரண்டிலும் கை சுட்டிருக்கிறது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மெட்டல் பிளக் என்றால் செட்டாக மாற்றுங்கள், ஆனால் வர மறுக்கிற பிளக்கோடு மல்லுக்கட்டாதீர்கள்.

அதற்கு முன்னால் குற்றவாளி பிளக்தானா என்று பார்த்துவிடுவது நல்லது. நாலு பிளக்கையும் ஒரு உலோகப் பட்டை இணைத்திருக்கும். அந்தப் பட்டையைக் கழற்றாமல் மீட்டரை வைத்தால் நாலும் சேர்ந்துதான் தெரியும், செத்த பிளக் மற்ற மூன்றின் பின்னால் ஒளிந்துகொள்ளும். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்து அது காட்டும் அளவையும் கழித்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் 1 ஓம் அளக்கிற இடத்தில் வயரின் 0.3 ஓம் பெரிய விஷயம். வயரைக் கவ்விக் கரண்டை அளக்கும் கிளாம்ப் மீட்டர் இருந்தால் எதையும் கழற்றவே வேண்டாம். 1 ஓம் பிளக் 12 வோல்ட்டில் முதலில் 11 ஆம்பியர் போல இழுக்கும், ஆக நாலுக்கும் சேர்த்து 44 பக்கம் தொடங்கி, சூடு ஏற ஏற அது இறங்க வேண்டும். 33-இல் தொடங்கினால் ஒன்று போய்விட்டது. எதுவுமே ஓடவில்லை என்றால் நாலு பிளக்கும் ஒரே ராத்திரியில் செத்திருக்காது, ஃபியூஸையும் ரிலேவையும் பாருங்கள். சாவியைக் குளோ நிலையில் வைத்திருக்கும்போது பட்டையில் 8, 9 வோல்ட்தான் வருகிறதென்றால், புது செட் வாங்கிப் போட்டாலும் அதே வெள்ளைப் புகைதான்.

இப்போது ஒன்றை மட்டும் மாற்றுகிறவர்களின் வாதத்துக்கு வருவோம். அதில் கஞ்சத்தனம் மட்டும்தான் இருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடிய இன்ஜினில் ஒவ்வொரு பிளக்கையும் அசைப்பது ஒரு சூதாட்டம். நன்றாக வேலை செய்துகொண்டிருந்ததைத் திருகப் போய் அது சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்குள்ளேயே முறிந்தால், அரை மணி நேர வேலை ஹெட்டைக் கழற்றுகிற வேலையாகிவிடும். போன வருடம்தான் செட் மாற்றினீர்கள், ஒன்று மட்டும் ஏதோ குறையால் போய்விட்டது என்றாலும் ஒன்றை மாற்றினாலே போதும். செராமிக் பிளக் என்றாலும் அப்படித்தான், அது விலையில் தனி ரகம்.

ஆனால் வேலை செய்கிற இடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். லோடரின் இன்ஜின் காரில் போல பானட்டைத் தூக்கியதும் கைக்கு வராது. சின்ன லோடரான ஸ்கிட் ஸ்டியர் வகையில் பின் கதவைத் திறந்து, சிலவற்றில் ரேடியேட்டரை மேலே தூக்கி, சிலவற்றில் கேபினையே சாய்த்து, இன்ஜெக்டர் பைப்புகளுக்கு நடுவே விரலை நுழைத்துத்தான் பிளக்கைத் தொடவே முடியும். தூக்கும் கைகளை உயர்த்தி வைத்து வேலை செய்வதானால் ஆர்ம் சப்போர்ட்டைப் பூட்டாமல் கீழே தலையை வைக்காதீர்கள், பேட்டரி நெகட்டிவையும் முதலில் கழற்றிவிடுங்கள். இவ்வளவும் செய்து முடித்த பிறகு பிளக் கழற்றுகிற வேலை பத்து நிமிடம். நாலும் ஒரே நாளில் போட்டவை, ஒரே அளவு சூடும் கரியும் தின்றவை, ஒன்று போய்விட்டதென்றால் மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நான் ஒன்றை மட்டும் மாற்றிப் பெருமைப்பட்ட மிஷினில் ஐந்து வாரம் கழித்து அடுத்தது போனது, மூன்றாவது அதற்கு அடுத்த மாதம். ஒவ்வொரு முறையும் அதே ரேடியேட்டர், அதே கெட்ட வார்த்தைகள்.

செட்டாக மாற்றுவதில் எனக்கு இதைவிடப் பிடித்த காரணம் ஒன்று உண்டு. நாலு பழைய பிளக்கையும் சிலிண்டர் வரிசைப்படி ஒரு துணிமேல் வைத்துப் பாருங்கள், இன்ஜின் தன் கதையைத் தானே சொல்லும். எல்லாம் ஒரே மாதிரி சாம்பல் கலந்த கறுப்பில், முனை முழுசாக இருந்தால் வயதாகிப் போனது, அவ்வளவுதான். ஒன்றின் முனை மட்டும் உருகி அரித்திருந்தால் அந்தச் சிலிண்டரின் இன்ஜெக்டர் டீசலைத் தூவாமல் ஒழுகவிடுகிறதா என்று சந்தேகப்படுங்கள். நாலு முனையுமே அரித்திருந்தால் பம்ப் டீசலை அடிக்கும் நேரம் (டைமிங்) முன்னால் போயிருக்கலாம். முனை பூச்சியை விழுங்கிய பல்லி வயிறு போல உப்பியிருந்தால் மின்சாரம் நிற்காமல் போயிருக்கிறது என்று அர்த்தம். ரிலே ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது பிளக்கே மட்டமானது. எண்ணெய்ப் பசையோடு ஈரமாக இருப்பது இன்னொரு கதை, அது பிஸ்டன் ரிங் பக்கம் போகும். ஒன்றை மட்டும் கழற்றினால் ஒப்பிட இன்னொன்று இருக்காது, இதில் பாதி தெரியாமலே போய்விடும்.

எதை வாங்குவது என்பதில் மெட்டலா செராமிக்கா என்ற கேள்விக்கு இடமே இல்லை என்றுதான் சொல்வேன், இன்ஜினில் எது வந்ததோ அதுதான். மெட்டல் பிளக்கில் சூடு தாங்கும் உலோக உறைக்குள் மெக்னீசியம் ஆக்சைடு பொடியை இறுக்கி, நடுவே சூடாக்கும் கம்பிச் சுருளை வைத்திருப்பார்கள், 900, 1000 டிகிரி வரை போகும். செராமிக்கில் சிலிக்கான் நைட்ரைடு, 1300 வரை போகும், இரண்டு மூன்று நொடியில் சிவந்துவிடும். ஆனால் பெஞ்ச் உயரத்திலிருந்து கை தவறிக் கீழே விழுந்தால் வெளியே தெரியாத விரிசலோடு அது உள்ளே போய், பிறகு துண்டாக உதிரும். பல செராமிக் பிளக்குகள் 7 வோல்ட் போன்ற குறைந்த வோல்ட்டேஜில் ஓடுபவை, கன்ட்ரோலர்தான் அளந்து கொடுக்கும், பழைய ரிலே வண்டியில் போட்டால் எரிந்துவிடும். 24 வோல்ட் மிஷினில் 12 வோல்ட் பிளக் போட்டாலும் அதே கதிதான், மரை சரியாகப் பொருந்துகிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள்.

ஒரிஜினலா, மலிவா என்பதில் நான் கண்டிப்பான ஆள். பாப்கேட் 763 போன்ற மிஷின்களில் இருக்கும் குபோட்டா வி2203 மாதிரி, டீசலை முதலில் ஒரு சின்ன அறைக்குள் அடிக்கிற இன்ஜின்களில், அறையின் குளிர்ந்த சுவரே காற்றின் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் பிளக் இல்லாமல் குளிரில் ஸ்டார்ட் ஆவது கஷ்டம், பிளக் முனை அந்தக் குறுகிய அறைக்குள்தான் நீட்டிக்கொண்டிருக்கும். மட்டமான பிளக் எரிந்துபோவதோடு நின்றால் பரவாயில்லை. முனை உப்பிக்கொண்டால் வந்த ஓட்டை வழியே திரும்ப வராது, இழுத்தால் முனை மட்டும் உள்ளே நின்றுவிடும். இதில் மிச்சம் பிடிப்பது குடையில் துணியைக் குறைப்பது போலத்தான். இன்ஜின் கம்பெனியின் பெட்டியில்தான் வர வேண்டும் என்றும் இல்லை. பாஷ், என்ஜிகே, பெரு மாதிரி பிளக் செய்கிறவர்களின் சரியான நம்பரும் போதும்.

கழற்றுவதிலும் இரண்டு கட்சி: சூட்டோடா, ஆறிய பிறகா? அலுமினிய ஹெட்டோ இரும்பு ஹெட்டோ, நான் வெதுவெதுப்பான இன்ஜின் பக்கம். ஆறிய இன்ஜினில் கரி கல்லாக இருக்கும். முந்தைய நாள் மாலையே ஒவ்வொரு பிளக்கின் அடியிலும் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊற வையுங்கள், மறுநாள் இன்ஜினைச் சூடாகும்வரை ஓட்டி, அப்புறம் தொடங்குங்கள். எம்10, அதாவது 10 மில்லிமீட்டர் மரை உள்ள பிளக்குக்குப் பெரும்பாலும் 12 மில்லிமீட்டர் டீப் சாக்கெட். நேராக உட்காரட்டும், கொஞ்சம் சாய்ந்தாலும் பிளக்கை வளைத்துவிடும். கால் சுற்று இடப்பக்கம், அரைக்கால் சுற்று வலப்பக்கம், மறுபடி இடப்பக்கம். கிறீச்சென்ற சத்தத்தோடு நகர்ந்தால் நல்ல சகுனம். பிசைந்த மாவு போல மெத்தென்று சுற்றினால் அங்கேயே நிறுத்துங்கள், உள்ளே உலோகம் முறுக்கிக்கொண்டிருக்கிறது. நீள கைப்பிடியை மாட்டி இழுக்கிற ஆசை வரும் பாருங்கள், அதைத்தான் அடக்க வேண்டும். எம்8-க்கு 20, எம்10-க்கு 35, எம்12-க்கு 45 நியூட்டன் மீட்டர் என்று பிளக் செய்கிறவர்களே எல்லை வைத்திருக்கிறார்கள், அதற்கு மேல் போனால் முறியும். முறுக்கு விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் இறுக்குவதற்கு மட்டும் என்று நினைத்த காலத்தில்தான் நான் ஒன்றை முறித்தேன்.

வெளியே வந்த ஓட்டையில் கரியைச் சுரண்டும் ரீமரில் கிரீஸ் தடவி விட்டால் தூள் அதிலேயே ஒட்டி வரும். பிளக் இல்லாமல் இரண்டு நொடி செல்ஃப் அடித்தால் மிச்சமும் பறந்துவிடும், அப்போது முகத்தை நேரே வைக்காதீர்கள். புது பிளக்கைக் கையாலேயே கடைசிவரை திருகி, பிறகு மேனுவல் சொல்கிற அளவுக்கு இறுக்குங்கள், எம்10 என்றால் 15-லிருந்து 25 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும். மேல் நட்டுக்கு 2 போதும், அதை முறுக்கிச் செத்த புது பிளக்குகளையும் பார்த்திருக்கிறேன்.

எதையும் மாற்றாமல் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடித்து ஓட்டுகிற மூன்றாவது கட்சிக்கு ஒரே ஒரு வரி: அதிலிருக்கும் ஈதர் 200 டிகிரிக்குக் கீழேயே தானாகப் பற்றும், பிளக் முனையோ 900-இல் நிற்கிறது, பிஸ்டன் ரிங் உடைந்த பிறகு பிளக் விலையைப் பற்றிப் பேச வேண்டாம். இன்ஜினையே வெளியிலிருந்து கரண்ட் கொடுத்துச் சூடாக்கும் பிளாக் ஹீட்டர் நல்ல துணைதான், அதை பிளக்குக்கு மாற்றாக நம்ப வேண்டாம்.

கடைசியாக நான் செட் மாற்றிய லோடரில் ஒன்று, இரண்டு, நாலு மூன்றும் வந்துவிட்டன. மூன்றாவது 35-ஐத் தொட்டும் அசையவில்லை. எண்ணெய் விட்டேன், ஓட்டிச் சூடாக்கினேன், மறுநாளும் முயன்றேன், மெத்தென்று ஒரு உணர்வு வந்ததும் சாக்கெட்டை எடுத்துவிட்டேன். அது அப்போதும் 1.1 ஓம் காட்டிக்கொண்டிருந்தது. செத்தே போயிருந்தாலும் விட்டிருப்பேன், மூன்று நல்ல பிளக்கோடு இன்ஜின் பிடித்துக்கொள்ளும், அந்த மூன்றாவது சிலிண்டர் கொஞ்சம் புகைந்துவிட்டு வந்து சேர்ந்துகொள்ளும். என்றாவது ஹெட் கழற்றும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டையை மாட்டி மூடினேன். வாங்கிய நாலாவது பிளக் பெட்டியோடு டூல் பாக்ஸில்தான் கிடக்கிறது.