கழுத்துக் கருமைக்கு வாங்கிய க்ரீம்: ஒரே ஒரு ஸ்டார்

மூன்று டியூப் காலி செய்துவிட்டுத்தான் எழுதுகிறேன், அதனால் சரியாகத் தடவவில்லை என்று யாரும் பதில் போட வேண்டாம். பெயர் சொல்லப்போவதில்லை. பின்கழுத்து, அக்குள் கருமை நான்கே வாரத்தில் போய்விடும் என்று அட்டையில் போட்டிருந்தது. வாசனை நன்றாக இருந்தது, பிசுபிசுப்பு இல்லை, அந்த ஒரு ஸ்டார் அதற்குத்தான். கருமை அப்படியே இருந்தது. அழுக்கோ என்று நாரைப் போட்டுத் தேய்த்ததில் புண்ணாகி, அது ஆறிய இடம் இன்னும் கறுத்ததுதான் மிச்சம்.

கடைசியில் தோல் மருத்துவரிடம் போனேன். வெல்வெட் துணி மாதிரி தடித்திருந்த தோலைத் தடவிப் பார்த்து, பக்கத்தில் முளைத்திருந்த சின்னச் சின்ன மருக்களையும் காட்டி, இது அகாந்தோசிஸ் நிக்ரிகன்ஸ், முதலில் சர்க்கரை பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். எச்பிஏ1சி, அதாவது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை, 6.1 வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையாம். உடம்பு இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது, ரத்தத்தில் மிஞ்சும் இன்சுலின் தோல் செல்களைத் தூண்டிவிட்டுப் பெருக வைக்கிறது, மடிப்புகளில் தோல் தடித்துக் கறுக்கிறது. மேலே எதைப் பூசி என்ன பயன்?

எல்லாக் கருமையும் இதுவல்ல. கன்னத்திலும் நெற்றியிலும் வரும் மங்கு வேறு கதை, வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை எல்லாம் அதைத் தூண்டும், சன்ஸ்கிரீன் போடாமல் எந்த க்ரீம் பூசினாலும் திரும்ப வரும். விரல் முட்டிகள் கறுத்தால் வைட்டமின் பி12 குறைவாக இருக்கலாம். உள்ளங்கை ரேகை, ஈறு, பழைய தழும்பு எல்லாம் கறுத்து, கூடவே அசதியும் எடைக் குறைவும் இருந்தால் அட்ரீனல் சுரப்பியைச் சோதிப்பார்கள், அந்தச் சுரப்பி போதுமான ஹார்மோன் சுரக்காத அடிசன் நோய் அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். நடுத்தர வயதைத் தாண்டியவருக்கு, உடம்பு இளைத்துக்கொண்டே வரும்போது கழுத்துக் கருமை திடீரென்று பரவினால் தள்ளிப்போடவே கூடாது. அரிதாகத்தான், ஆனால் வயிற்றுப் புற்றுநோயிலும் அப்படி வரும்.

சரி, இந்த க்ரீம் பெரிய கெடுதல் எதுவும் செய்யவில்லை, அதுவரை பரவாயில்லை. என்ன கலந்திருக்கிறது என்றே போடாமல் வருகிற வெளுப்பு க்ரீம்கள் இதைவிட மோசம்: ஸ்டீராய்டு இருந்தால் தோல் மெலிந்துபோகும், ஹைட்ரோகுயினோன் என்ற வெளுப்பு மருந்தை மருத்துவர் சொல்லாமல் மாதக்கணக்கில் பூசினால் சிலருக்குப் பூசிய இடமே நீலக்கருப்பாகிவிடும்.

ஆறு மாதத்தில் 7 கிலோ குறைத்திருக்கிறேன். கழுத்து முழுசாகத் தெளியவில்லை, தடிப்பு மட்டும் நன்றாக அமுங்கியிருக்கிறது. இலவசமாக வந்த நான்காவது டியூப் இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது, குதிகாலுக்காவது பூசலாமா என்று பார்க்கிறேன்.