கோல்டு ஏர் இன்டேக் மாட்டப் போறீங்களா? பழைய ஏர் பாக்ஸை ஷெட்டில் விட்டுட்டு வராதீங்க

கோல்டு ஏர் இன்டேக், அதாவது வெளியிலிருந்து குளிர்ந்த காற்றை இன்ஜினுக்கு இழுத்துவரும் பைப்பும் ஃபில்டரும் மாட்டுவதற்காக, கோவையில் கார் மாடிஃபிகேஷன் பண்ணும் ஒரு ஷெட்டில் பிப்ரவரி மாசம் 9,500 ரூபாய் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். இன்னொருத்தர் அங்கே போய் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என்னுடையது பழைய பெட்ரோல் ஹேட்ச்பேக். "கம்பெனி கிட்டுக்கு எதுக்குங்ண்ணா அவ்வளவு காசு? அலுமினிய பைப்புல நாமளே பண்ணிக்கலாம். ஃபில்டரை பம்பருக்குள்ள இறக்கிட்டா வெளிக்காத்து ஜில்லுன்னு வருமுங்க" என்றார் ஷெட்காரர். கையால் செய்வதில் தப்பே இல்லை. நல்ல ஃபேப்ரிகேட்டர் கையில் அது அருமையான வேலை. சாயங்காலம் வண்டியை எடுக்கும்போது பானெட்டுக்குள் வெள்ளி டேப் சுற்றிய பைப் பளபளவென்று இருந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் உறுமல். அந்தச் சத்தத்தில் வண்டி பறக்கிற மாதிரியே இருந்தது. கழற்றிய பழைய ஏர் பாக்ஸை, அதாவது கம்பெனி ஃபில்டர் இருக்கிற டப்பாவைக் கேட்டேன். "அது இனி எதுக்குங்க, இங்கயே கிடக்கட்டும்" என்றார். நானும் விட்டுவிட்டேன். பில்லும் வாங்கவில்லை.

ரெண்டு வாரத்தில் ஏசி போட்டால் உள்ளே ஆயில் வாடை. மார்ச்சில் பிக்கப் விழுந்தது, சிக்னலில் எடுக்கும்போது இழுத்து இழுத்துப் போனது. அப்புறம் செக் இன்ஜின் லைட். வண்டியின் கம்ப்யூட்டர் பதிவு செய்யும் பழுதுக் கோடுகளைப் படிக்க, போனில் இணைக்கிற ஓபிடி ஸ்கேனர் ஒன்று வாங்கிப் பார்த்தேன். பி0171, அதாவது பெட்ரோலுக்குக் காற்று அதிகம் என்கிற கோடு. அதே ஸ்கேனரில் இன்ஜினுக்குள் போகும் காற்றின் வெப்பமும் தெரியும். வெளியே 36 டிகிரி. காந்திபுரம் டிராஃபிக்கில் நிற்கும்போது அது 61 காட்டியது. ஃபில்டர் பம்பருக்குள் போகவே இல்லை, ஹெட்லைட்டுக்குப் பின்னால், ரேடியேட்டர் ஃபேன் தள்ளுகிற அனலில் தடுப்பு ஏதுமில்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. காற்று 36-லிருந்து 61-க்குச் சூடானால் அதன் அடர்த்தி ஏழெட்டு சதவீதம் குறையும், பவரும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். கம்பெனி ஏர் பாக்ஸின் வாய் கிரில்லுக்குப் பின்னால் முன்பக்கம் பார்த்துதான் இருந்தது. குளிர்ந்த காற்று எனக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருந்திருக்கிறது.

நான் வழக்கமாக விடும் மெக்கானிக் அண்ணனிடம் கொண்டுபோனேன். அவர் பிளேடால் அந்த வெள்ளி டேப்பைக் கிழித்தார். உள்ளே சாம்பல் நிற பிவிசி பைப், பாத்ரூம் கழிவுநீருக்குப் போடுகிற 75 எம்எம் பைப். ஐஎஸ்ஐ முத்திரை கூட அழியவில்லை. பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது.

பிவிசி 60 டிகிரி வரைக்கும்தான் ஒழுங்காகத் தாங்கும். 80-ஐ நெருங்கினால் இளகிவிடும். என் வண்டியில் எல்போ தொய்ந்து, ஃபில்டருக்கு அடுத்த ஜாயின்ட்டில் விரல் நுழைகிற அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது. அந்த வழியாகத்தான் இன்ஜின் மூச்சு வாங்கியிருக்கிறது. இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடுகிற த்ராட்டில் பாடிக்குள் விரலை விட்டால் செம்மண் ஒட்டியது. இன்னும் ஒரு கோடை ஓட்டியிருந்தால் சிலிண்டர் சுவரே தேய்ந்திருக்கும்.

காற்றை அளக்கிற சென்சாரை எம்-சீல் வைத்து ஒட்டியிருந்தார்கள். அது கம்பெனி குழாயின் 60 எம்எம் உள்விட்டத்துக்குக் கணக்குப் போட்டது. இந்த பைப்பின் உள்விட்டம் 70. காற்று அதே அளவு போனாலும் வேகம் குறைந்துவிடுவதால், கால் பங்குக்கு மேல் குறைத்துக் காட்டும். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இசியு அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். கோடு வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். பிரீதர் ஹோஸ், அதாவது இன்ஜினுக்குள் சேரும் ஆயில் ஆவியை வெளியே எடுக்கிற குழாய், பழைய இன்டேக் குழாயில் சேர்கிற ஒன்று. அதைப் புதுசில் சேர்க்காமல் வாயில் துணியைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ஆயில் வாடை அங்கிருந்துதான். சூடான இன்ஜின் மேல் ஆயில் நனைந்த துணி!

"பம்பருக்குள்ள இறக்காம விட்டதும் ஒருவிதத்துல நல்லதுதான் தம்பி" என்றார் அண்ணன். மழையில் லங்கா கார்னர் சுரங்கப்பாதை மாதிரி தண்ணீர் தேங்குகிற இடத்தில், தாழ்வாக இருக்கும் ஃபில்டர் தண்ணீரை உறிஞ்சிவிட்டால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது, பிஸ்டனைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். அப்படி இன்ஜின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் மட்டும் அடிக்காதீர்கள்.

ஷெட்டுக்குப் போய்க் கேட்டேன். "அலுமினியம்னு நான் சொல்லவே இல்லைங்களே" என்றார். ஏர் பாக்ஸ் பழைய இரும்புக்குப் போய்விட்டதாம். உக்கடத்தில் அலைந்து 1,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். த்ராட்டில் கிளீனிங், ஆயில், ஃபில்டர் எல்லாம் சேர்த்து இன்னொரு 3,600. அதே டிராஃபிக்கில் இப்போது 44 டிகிரி காட்டுகிறது.

பில் இல்லாவிட்டாலும் ஜிபேயில் பணம் போன விவரம் இருக்கிறது, டேப் கிழிக்கும்போது எடுத்த போட்டோக்களும் இருக்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசிவிட்டேன். பைப் துண்டைத் தூக்கிப் போடவில்லை, பத்திரமாக வைத்திருக்கிறேன். இந்த வேலைக்கு வண்டியை விடுகிறவர்கள், டேப் சுற்றுவதற்கு முன்னால் பைப்பைக் கண்ணால் பாருங்கள். கழற்றிய ஏர் பாக்ஸ் உங்கள் டிக்கிக்கு வந்த பிறகு பணம் கொடுங்கள்.