பெங்களூரில் கெமிக்கல் பீல்: எதற்குக் காசு கொடுக்கலாம், எங்கே எழுந்து வந்துவிடலாம்

கெமிக்கல் பீல் என்றால் முகத்தில் ஆசிட் பூசி மேல்தோலை உரியவைப்பது. அதற்கு அல்சூர், சிவாஜிநகர் பக்கத்து கிளினிக்குக்குப் போனால் தமிழிலேயே பேசி முடித்துவிடலாம். இந்திராநகர் போனால் ஏசி, காபி எல்லாம் உண்டு, கட்டட வாடகையும் பில்லில் ஏறும். கிண்ணத்தில் ஊற்றுகிற ஆசிட் என்னவோ இரண்டு இடத்திலும் ஒரே வகைதான். வித்தியாசம் அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது.

முதல் நாளே “இன்னைக்கே பண்ணிடலாம் மேடம்” என்று படுக்கச் சொன்னால் நல்ல கிளினிக் இல்லை. மாநிறத் தோலுக்கு இரண்டு முதல் நான்கு வாரம் முன்தயாரிப்பு வேண்டும்: பகலில் சன்ஸ்கிரீன், இரவில் டாக்டர் எழுதித் தரும் கிரீம். அது ரெட்டினாய்டு (வைட்டமின் ஏ வகை கிரீம்) என்றால் பீலுக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். இந்த வாரங்களை விழுங்கிவிட்டால் ஆசிட் ஓரிடத்தில் மேலோட்டமாகவும் ஓரிடத்தில் ஆழமாகவும் இறங்கும். ஆழமாக இறங்கிய இடம் சில வாரத்தில் கறுக்கும்.

பருவுக்கு எடுக்கும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, கர்ப்பம், ஆஸ்பிரின் ஒவ்வாமை, உதட்டில் திரும்பத் திரும்ப வரும் அக்கி. இந்த நான்கையும் டாக்டர் கேட்க வேண்டும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி மாதக்கணக்கில் பூசிய ‘வெள்ளையாக்கும்’ கிரீமைக் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் தோல் மெலிந்திருக்கும், சாதாரண பீலே சுட்டுவிடும்.

பருவுக்கும் எண்ணெய் வழியும் முகத்துக்கும் சாலிசிலிக் ஆசிட், 20 முதல் 30 சதவீதம். பரு ஆறிய பின் நிற்கும் கறுப்புக்குக் கிளைகாலிக் அல்லது மாண்டலிக். மாண்டலிக்கின் மூலக்கூறு பெரியது, மெதுவாகவே இறங்கும். முதல் தடவைக்கு அதையே கேட்கலாம். மங்கு குறையும், வெயில் பட்டால் திரும்பி வரும். குழித் தழும்புக்கு மேலோட்டமான பீல் வீண் செலவு. கலர் ஆகவேண்டும் என்று போகிறவர்கள் போகவே வேண்டாம்.

பாட்டிலில் எழுதியிருக்கும் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். அதே 35 சதவீத கிளைகாலிக், பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) குறைந்தால் கடுமையாக வேலை செய்யும், கூடினால் சாதுவாகிவிடும்.

செய்கிற கையைக் கவனியுங்கள். முகத்தில் எண்ணெய்ப் பசை போகத் துடைத்த பிறகு கண் ஓரம், மூக்கு மடிப்பு, உதட்டோரம் மூன்றிலும் வாஸலின் வைக்க வேண்டும். ஆசிட் தேங்கிப் புண்ணாவது அங்கேதான். பிரஷ் நெற்றியில் தொடங்கிக் கன்னம், தாடை என்று வேகமாக இறங்கும். கிளைகாலிக் என்றால் பக்கத்தில் கடிகாரமும் சோடா பைகார்பனேட் கரைசலும் இருந்தே ஆகவேண்டும். ஒன்று முதல் மூன்று நிமிடம் போதும். முகம் சீராகச் சிவந்தால் நிறுத்தலாம். எங்காவது வெள்ளைத் திட்டு தெரிந்தால் நேரம் பார்க்காமல் அந்த இடத்து ஆசிட்டை உடனே சோடா கரைசலால் அணைக்க வேண்டும், அப்போது நுரை பொங்கும். சாலிசிலிக்கில் வெள்ளை படிவதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. அது உலர்ந்த ஆசிட்டின் படிகம், ஈரப் பஞ்சால் துடைத்தால் போய்விடும். எரிச்சல் சுள்ளென்று ஏறிச் சில நிமிடத்தில் தானே மரத்துப்போகும்.

மறுநாள் தோல் இழுத்துப் பிடிக்கும். இரண்டாம் மூன்றாம் நாள் கொஞ்சம் பழுப்பேறி, பெரும்பாலும் வாயைச் சுற்றித்தான் முதலில் உரியத் தொடங்கும். ஒரு வாரத்தில் அடங்கிவிடும். தொங்குகிற தோலைக் கையால் உரித்தால் அந்த இடம் கறுப்பது கிட்டத்தட்ட உறுதி. அந்த வாரம் திரெடிங், வேக்ஸிங், பிளீச், ஸ்கிரப் எதுவும் கூடாது. கொப்புளமோ, மஞ்சள் பொருக்கோ, ஒரு வாரம் தாண்டியும் போகாத சிவப்போ இருந்தால் போட்டோ அனுப்பிக் காத்திருக்காமல் நேரில் போங்கள்.

பெங்களூரில் ஒரு வம்பு உண்டு. ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். வியர்க்காததால் வெயிலே இல்லை என்று தோன்றும், புற ஊதாக் கதிரோ சென்னையை விடக் குறைந்ததில்லை. டூவீலரில் அலுவலகம் போகிறவர்கள் எஸ்பிஎஃப் 30க்கு மேல் உள்ளதை இரண்டு விரல் நீளம் எடுத்துப் பூசி, மதியம் மறுபடி பூச வேண்டும். உரிகிற தாடையில் ஹெல்மெட் பட்டை உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பீல்களுக்கு இடையே இரண்டு முதல் நான்கு வாரம் விடுவார்கள், மொத்தம் நான்கைந்து முறை ஆகலாம். எல்லா முறைக்கும் சேர்த்து முன்பே பணம் கட்டினால் தள்ளுபடி என்பார்கள், ஒப்புக்கொள்ள வேண்டாம். முதல் பீல் எப்படி ஆறியது என்று பார்த்துத்தான் அடுத்ததன் வலுவை முடிவு செய்ய முடியும். வீட்டில் முகூர்த்தம் இரண்டு வாரத்துக்குள் இருந்தால் இப்போது பீல் வேண்டாம், ஃபேஷியலோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.