ரெசிடென்சிக்கு யார் பணம் தருவது: மெடிகேரா, ஹெல்த் சென்டர் திட்டமா?

அமெரிக்காவில் மருத்துவப் படிப்பை முடித்தாலும் ரெசிடென்சியில் (படிப்புக்குப் பிறகு மருத்துவமனையிலோ கிளினிக்கிலோ பெறும் பயிற்சி) இடம் கிடைக்காதவர் டாக்டராகத் தொழில் செய்வது மிகக் கடினம். அந்தப் பயிற்சிக்கு அதிகப் பணம் தருவது முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர். அதற்குப் போட்டியாக, அளவில் மிகச் சிறியதாக, 2010 சுகாதாரச் சட்டத்தில் பிறந்த டீச்சிங் ஹெல்த் சென்டர் திட்டம் இருக்கிறது.

மெடிகேரின் பெரிய பலம் அது நிலையானது என்பதுதான். ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தைக் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மெடிகேர் பணம் தரும் இடங்களுக்கு 1997-இல் போட்ட உச்சவரம்பு பெரும்பாலான மருத்துவமனைகளை 1996-இல் இருந்த ரெசிடென்ட் எண்ணிக்கையிலேயே கட்டிப்போட்டது. அதற்கப்புறம் மக்கள் எங்கே குடியேறினார்கள், எந்த ஊரில் டாக்டர் இல்லை என்பதெல்லாம் பெரும்பாலும் கணக்கில் வரவில்லை. இன்னொரு சிக்கல், உள்நோயாளிகளை வைத்தே பணம் கணக்கிடுகிறார்கள், அதனால் வெளிநோயாளிகளைப் பார்க்கும் கிளினிக்கில் பயிற்சி கொடுக்க இந்த வழியில் பெரிதாக ஊக்கம் இல்லை. முதியோருக்கான காப்பீடு என்பதால் குழந்தைகள் மருத்துவமனைகளுக்கும் அதிகம் கிடைக்கவில்லை, அவற்றுக்காக 1999-இல் தனித் திட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது.

2019-இல் ஃபிலடெல்ஃபியாவின் ஹானமன் மருத்துவமனை மூடப்பட்டபோது நடந்ததைப் பாருங்கள். 500-க்கும் மேற்பட்ட பயிற்சி டாக்டர்கள் ஒரே நேரத்தில் வேறு இடம் தேடி ஓடினார்கள், மெடிகேர் பணம் தரும் அவர்களுடைய பயிற்சி இடங்களோ திவால் வழக்கில் ஏலத்துக்கு வந்து 5.5 கோடி டாலர் வரை கேட்கப்பட்டன. மெடிகேர் நிர்வாகம் அதை எதிர்த்தது. பொதுப்பணத்தில் உருவான இடத்தைக் கட்டில், மேசை மாதிரி விற்கப் பார்த்தது எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஹெல்த் சென்டர் வழி இதற்கு நேர் எதிர். பணம் நேராகச் சமூக மருத்துவ மையங்களுக்குப் போகிறது, குடும்ப மருத்துவம், மனநலம், பல் மருத்துவம் போன்றவற்றுக்கு. ஏழை நோயாளி வரும் இடத்திலேயே ரெசிடென்ட் கற்கிறார், சர்க்கரை நோயாளியை ஒருமுறை பார்த்து அனுப்பிவிடாமல் 3 வருடமும் அவரே தொடர்ந்து பார்க்க முடிகிறது. சரி, குறை என்ன? நிதி நிரந்தரமில்லை. 2023 செப்டம்பரில் கெடு முடிந்த பிறகு குறுகிய கால நீட்டிப்புகளிலேயே திட்டம் ஓடியது. 3 வருடப் பயிற்சிக்கு ஆள் எடுக்கும் இயக்குநர் கையில் சில மாதப் பணத்தை வைத்துக்கொண்டு எந்த தைரியத்தில் வாக்குக் கொடுத்திருப்பார்?

எனக்கு இரண்டாவதுதான் சரியான வழி, முதலாவதின் நிலைத்தன்மையோடு. 2020 டிசம்பர் சட்டம் 1,000 இடங்களையும் 2022 டிசம்பர் சட்டம் 200 இடங்களையும் மெடிகேர் வழியிலேயே கூட்டின. அந்த 200-இல் பாதியாவது மனநல மருத்துவத்துக்கு என்று எழுதிவைத்தது நல்ல விஷயம், அதே உறுதியைச் சமூக மையங்களுக்கும் சட்டத்தில் எழுதட்டும்.